தகரத்துக்குக் கீழே

தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கும் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்துக்கும் கூரை ஒரே தகரம்தான். இதைச் சொன்னால் தோட்டத்தில் பிறந்தவர்களே ஒரு கணம் யோசிக்கிறார்கள். பங்களாத் தகரத்துக்குச் சிவப்போ பச்சையோ வர்ணம் அடித்திருக்கும். லயத்துத் தகரத்தில் துருவும், காற்றில் பறந்துவிடாமல் இருக்க மேலே தூக்கிவைத்த கல்லும் இருக்கும். ஆனால் நெளிவு ஒன்று, பூச்சு ஒன்று, மலையேறி வந்த வழியும் ஒன்று. இரண்டு கூரைகளுக்கும் வித்தியாசம் தகரத்துக்குக் கீழேதான் தொடங்குகிறது. பங்களாவில் பலகைச் சீலிங் இருக்கும். அதற்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து போகுமளவு காற்று நிற்கும். லயத்தில் தகரம், அதைத் தாங்கும் சட்டம், பிறகு நம் தலை.

இலங்கை மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தேயிலையில் தொடங்குவார்கள். அல்லது இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த பாதையில் தொடங்குவார்கள். எனக்குத் தகரத்தின்மேல் ஒரு கண். வேலைக்குப் போகாத நேரத்தில் நான்கைந்து தலைமுறை மக்கள் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதைப் பற்றிய பேச்சோ 'ஒழுகுகிறது' என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒழுகுவதற்கு முன்னால் அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

நெளிதகடு பிறந்தது லண்டனில். லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியியலாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். துறைமுகத்தில் டர்பன்டைன் வைக்கும் ஒரு கொட்டகைக்குத்தான் அது முதலில் கூரையானது. அவர் கண்ட தந்திரம் எளிமையானது. ஒரு தாளை இரண்டு கைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். அதையே விசிறி மடிப்பாக மடித்துப் பிடித்தால் மேலே ஒரு பேனாவை வைத்தாலும் தாங்கும். இரும்புத் தகட்டைப் பள்ளமும் மேடுமான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தார்கள். கனமில்லாத தகடு தன்னைத் தானே தாங்கக் கற்றுக்கொண்டது. பெரிய உத்தரங்களும் நெருக்கமான தூண்களும் தேவையில்லாமல் போயின. 1843 இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு உருட்டத் தொடங்கினார்கள்.

இரும்பு துருப்பிடிக்கும். அதற்கு மருந்து பிரான்சிலிருந்து வந்தது. 1837 இல் ஸ்டானிஸ்லாஸ் சோரல் என்ற பொறியியலாளர், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1,500 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 450 பாகையில் துத்தநாகம் உருகி நிற்கும் தொட்டிக்குள் இரும்புத் தகடு பத்திரமாக இறங்கி ஏறலாம். புதுத் தகரத்தில் பூப்பூவாக மின்னுமே, அவை துத்தநாகம் ஆறும்போது உண்டாகும் படிகங்கள். இந்தப் பூச்சு வெறும் மூடி மட்டுமில்லை. தகரத்தில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை அதுதான் முதலில் அரிபடும், இரும்பு தப்பிக்கும். துத்தநாகம் தீர்ந்த அன்றுதான் துரு உள்ளே நுழைகிறது.

துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பதும் லேசான வேலை கிடையாது. 907 பாகையில் அது ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். சாதாரண உலையில் போட்டால் உலோகம் புகையாகிப் பறந்து, காற்றில் பட்டு வெள்ளைத் தூளாகிவிடும். இந்தச் சிக்கலை ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்து ஜாவர் என்ற ஊரில் நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்திருந்தார்கள். தாதுவை மண்குடுவைகளில் அடைத்து, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, மேலே தீ மூட்டினார்கள். ஆவி கீழே இறங்கிக் குளிர்ந்த அறையில் உலோகமாகப் படிந்தது. பிரித்தானியாவில் வில்லியம் சாம்பியன் இதேபோல ஆவியைக் கீழே இறக்கிக் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738 இல். ஜாவர்க்காரர்கள் பயன்படுத்தி முடித்த குடுவைகளை வீணாக்கவில்லை. அடுக்கிச் சுவர் கட்டினார்கள். அந்தச் சுவர்களில் சில இன்னும் நிற்கின்றன. வேலைத்தலத்தில் கழித்துப் போட்டதை எடுத்து வீடு கட்டுகிற பழக்கம் நம் தோட்டங்களில் தொடங்கியதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பூச்சுப் போட்ட நெளிதகடு உலகத்தைச் சுற்றி வந்த வேகம் திகைக்கவைக்கிறது. காரணம் அதன் வடிவம். ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிந்து உட்காரும். கப்பலின் அடித்தட்டில் இடத்தை அடைக்காது. கொத்தனும் ஆசாரியும் இல்லாத ஊரிலும் சுத்தியலும் ஆணியும் இருந்தால் போதும். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவிய 1849 ஆம் ஆண்டில், கழற்றிப் பூட்டும் இரும்பு வீடுகள் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. தீப்பிடிக்காத வீடு என்று நம்பி வாங்கினார்கள். 1851 மே மாதம் அந்த நகரம் பற்றி எரிந்தபோது சிலர் அந்த இரும்புக் கட்டடங்களுக்குள்ளேயே ஒதுங்கினார்கள். சூட்டில் கதவுகள் விரிந்து இறுகிக்கொண்டன; திறக்க முடியவில்லை.

அதே 1851 இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியைப் பார்த்துவிட்டு, விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் ஸ்கொட்லாந்தின் பால்மோரல் அரண்மனைக்கு ஒரு நடன மண்டபம் செய்யச் சொன்னார். மான்செஸ்டரில் செய்து கொண்டுவந்து நிறுத்திய அந்த மண்டபமும் நெளிதகடுதான். மகாராணி ஆடிய தகரமும் தங்கம் தோண்டியவன் வெந்த தகரமும் வேறு வேறு அல்ல. தகரத்தை ஏழைகளின் பொருள் என்று சொல்பவர்களுக்கு இந்த மண்டபத்தைக் காட்டுவேன். மெல்பேர்ணின் தென்பகுதியிலும் தங்க வேட்டைக் காலத்து இரும்பு வீடுகள் மூன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் குடியேறிகள் தகரத்துக்கும் பலகைக்கும் உட்புறத்தில் சாக்குத் துணியை ஆணியடித்து, அதன்மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். இதைப் படித்தபோது லயத்தில் எங்கள் அப்பாயி குடியிருந்த அறை, அந்தக் காம்பரா, நினைவுக்கு வந்தது. அவர் ஆஸ்திரேலியாவைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

நம் மலைகளுக்குத் தகரம் வந்த கதை சுருக்கமானது. கோப்பிக் காலத்து லயங்களுக்குப் பெரும்பாலும் மானாப்புல்தான் கூரை. 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை வைத்தது அதற்கு இரண்டு வருடம் முந்தி. கோப்பி அழிந்து தேயிலை ஏறிய காலமும், ரயில் மலையேறிய காலமும் ஒன்றாக அமைந்தன. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா. இறங்கியது தேயிலை, ஏறியது அரிசியும் இயந்திரமும் தகரமும். கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். நிரந்தரமான ஆட்களுக்கு நிரந்தரமான கூரை. கணக்கு அவ்வளவுதான். இரட்டை லயத்தில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசைக் காம்பராக்களை ஒரே கூரை மூடும்; தகரம் மிச்சம், சுவரும் மிச்சம். பின்சுவரில் ஜன்னல் வைக்க இடமில்லாமல் போனது குடியிருந்தவர்களின் கவலை.

அந்தக் கூரைக்குக் கீழே நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் மேகமில்லாத இரவுகளில் அந்தப் பக்கத்தில் புல்லில் உறைபனி விழும். அப்படிப்பட்ட இரவில் மெல்லிய உலோகத் தகடு தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் மூச்சு விடுகிறார்கள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அந்த ஈரமெல்லாம் மேலேறித் தகரத்தின் அடிப்பக்கத்தில் துளியாகப் படிகிறது. விடியும் நேரத்தில் துளிகள் விறகுப் புகையின் கரியைக் கரைத்துக்கொண்டு சொட்டத் தொடங்கும். மழை பெய்யாத இரவிலும் ஒழுகுகிற கூரை அது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் விழும் அந்தப் பழுப்புச் சொட்டு எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. வகுப்பில் லயத்துப் பிள்ளை யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையே இருந்ததில்லை.

இந்தப் புகைநீரில் அமிலம் உண்டு. துத்தநாகத்தை அது உட்புறமிருந்து தின்கிறது. அடுப்புக்கு மேலே உள்ள தகரம் முதலில் ஓட்டையாவது இதனால்தான். மழைக்காலத்தின் சத்தமோ இன்னொரு கதை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கூரைக்குக் கீழே கத்தினாலும் கேட்காது. வானொலியில் செய்தி போகும். அறிவிப்பாளர் வாயசைப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மருந்து சீலிங். தோட்டம் அதைக் கொடுக்கவில்லை. ஆகவே மக்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு தாங்களே செய்துகொண்டார்கள். எங்கள் அப்பாயி அரிசிச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் இணைத்துத் தைத்து, சட்டத்தில் ஆணியடித்துக் கட்டியிருந்தார். சாமி படம் போட்ட பழைய கலண்டர் தாள்களை அதன்கீழ் ஒட்டியிருந்தார். படுத்தால் முருகனும் லட்சுமியும் நேர்மேலே தெரிவார்கள், வருடம் மட்டும் பழையதாக இருக்கும்.

அந்தச் சாக்கும் சும்மா வந்ததல்ல. வங்காளத்து ஆற்றுவெளியில் விளைந்த சணல், ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளில் நெய்யப்பட்டது. சணல் நார் முரடானது; 1830களில் டண்டீக்காரர்கள் அதைத் திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் விட்டு மிருதுவாக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய துறைமுகத்திலிருந்தே வட கடல்களுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. 1855 இல் கல்கத்தாவுக்குப் பக்கத்து ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. பிற்பாடு கல்கத்தா டண்டீயை முந்தியது. அந்தச் சாக்குகளில் பர்மா அரிசி அடைபட்டுக் கொழும்புக்கு வந்தது, தோட்டங்களுக்கு ஏறியது, சம்பளத்தில் கழித்துக்கொண்டு நிறுத்துக் கொடுக்கப்பட்டது. 1942 இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தபோது அரிசி நின்றது. சாக்கும் நின்றிருக்கும் என்பதை யார் கணக்கில் எடுத்திருக்கப் போகிறார்கள்?

வசதி கொஞ்சம் கூடின வீடுகளில் தேயிலைப் பெட்டிப் பலகை இருந்தது. இப்போது தேயிலை கடதாசிப் பைகளில் போகிறது. முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் போனது. ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பலகைக்குப் பேர்போன இடம் பால்டிக் கடலோரத்து எஸ்தோனியா. தாலின் நகரத்து லூதர் தொழிற்சாலை பூர்ச்ச மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி ஒட்டித் தேயிலைப் பெட்டிக்கென்றே அனுப்பியது. அதே பலகைப் பெட்டிகளில்தான் துருவப் பயணி ஷாக்கில்டன் 1907 இல் அண்டார்டிகாவுக்குச் சாமான் கொண்டுபோனார். பனிக்குள் கட்டிய குடிசையில் அவருடைய ஆட்கள் பெட்டிகளை உடைத்துத் தட்டும் தடுப்பும் செய்துகொண்டார்கள்; அங்கேயே ஒரு புத்தகம் அச்சடித்து அதற்கு அட்டையும் அந்தப் பலகையிலேயே போட்டார்கள். பிற்காலத்தில் காலிக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில் நம் நாட்டிலேயே ஒட்டுப்பலகை செய்தார்கள். லயத்தில் அந்தப் பெட்டி பாத்திர அலமாரி, பிள்ளையின் படிப்பு மேசை, கோழிக்கூடு, பலகையாகப் பிரித்தால் சீலிங்.

இராணுவம் இந்த விஷயத்தில் தோட்டத்தைவிடப் புத்தியாக நடந்தது. முதல் உலகப் போரில், 1916 இல், பீட்டர் நிசன் என்ற அதிகாரி நெளிதகட்டை அரைவட்டமாக வளைத்துச் சிப்பாய்களுக்குக் குடிசை செய்தார். ஒரு லட்சம் அளவில் செய்யப்பட்ட அந்தக் குடிசைகளில் வெளித்தகட்டுக்கு உள்ளே இன்னொரு உறை வைத்தார், நடுவே காற்று. சிப்பாய் நனைந்தும் நடுங்கியும் கிடந்தால் போருக்கு உதவமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்துக்கும் அது தெரியாமல் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை, தோட்டத்துப் பேச்சில் ஸ்டோரை, பாருங்கள். மேல்மாடிகளில் சணல் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாடவைப்பார்கள். அங்கே ஒரு சொட்டு விழுந்தால் கொழுந்து கெடும், விலை போகும். ஆகவே ஸ்டோர்க் கூரையில் ஓட்டை விழுந்தால் மறுநாளே ஆள் ஏறும். வெள்ளி வர்ணம் அடித்து, வருடாவருடம் பார்த்து, அந்தத் தகரத்தை நூறு வருடம் காப்பாற்றினார்கள். கந்தப்பளையில் அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒரு பழைய ஸ்டோர் 1996 இல் சொகுசு விடுதியாகிவிட்டது. தகரச் சுவருக்குள் ஓர் இரவு தூங்க வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து முன்பதிவு செய்கிறார்கள். எனக்கு இதில் கோபமில்லை. தகரத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு அந்த ஊரில் ஒரு கட்டடமாவது இருக்கிறதே.

லயத்துத் தகரம் யாருடையது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. அது தோட்டத்துக்குச் சொந்தம். ஓட்டை விழுந்தால் ஆப்பீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், தொழிற்சங்கத் தலைவர் போய்ப் பேச வேண்டும், அடுத்த வருடக் கணக்கில் பார்க்கலாம் என்ற பதிலை வாங்கி வர வேண்டும். சொந்தக் காசில் மாற்றினாலும் அது தோட்டத்துக் கூரையில் போட்ட காசு. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடே சொந்தமில்லை என்றானவர்கள் கூரைக்கு எங்கே உரிமை கேட்பது? 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாதவர் எதற்காகச் சீலிங் அடிப்பார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. துரைமார் மாறினார்கள். கூரையின் சொந்தக்காரர் லயத்துக்குள் வரவில்லை.

கென்யாவில் 1960களில் கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கூலி வேலைக்குப் போய்க் கிடைத்த காசைப் பொதுவில் போட்டு, ஒருவர் பின் ஒருவராகப் புல்கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். 'மபாத்தி' குழுக்கள் என்று அவற்றுக்குத் தகரத்தின் பெயரே நிலைத்தது. கிட்டத்தட்ட நம் பெண்கள் பிடிக்கும் சீட்டுத்தான். அந்தப் பெண்களுக்குத் தகரம் முன்னேற்றம், கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் சுத்தமான மழைத்தண்ணீர், ஊரில் ஒரு மரியாதை. ஒரே பொருள் அங்கே பெருமையாகவும் இங்கே அவமானமாகவும் இருப்பதற்குத் தகரத்திடம் காரணம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் ஆணியடித்தது தங்கள் குடும்பத்துக் காணியில் நின்ற வீட்டில்.

இப்போது பல இடங்களில் தகரம் போய் அஸ்பெஸ்டஸ் ஷீட் வந்துவிட்டது. ஆஸ்திரியாவின் லூட்விக் ஹாட்செக் 1901 இல் காப்புரிமை பெற்ற பொருள்: சீமெந்தும் கல்நாரும் கலந்த தகடு. மக்களுக்கு அது பிடித்திருப்பதில் நியாயம் இருக்கிறது. மழைச் சத்தம் குறைவு, துரு இல்லை, அடியில் துளி படிந்து சொட்டுவதும் அவ்வளவாக இல்லை. ஆனால் வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்திருக்கின்றன. பாசியை வழிக்க உலர்ந்த கூரையில் தும்புக்கட்டையால் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இலங்கையும் 2018 தொடக்கத்திலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலைச் சரக்கு ஒன்றில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லித் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. உலகத்திலேயே அதிகம் கல்நார் தோண்டும் நாடு ரஷ்யா. சில நாட்களுக்குள் நம் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ரஷ்யாவும் தடையை எடுத்தது. வண்டுக்கும் கூரைக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். மலையில் பறித்த கொழுந்துக்காக, மலையில் பறித்தவர்களின் தலைக்கு மேலே எது இருக்கலாம் என்பது மாஸ்கோவில் பேசப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தலவாக்கலைப் பக்கம் என் சின்னம்மா மகன் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுகிறான். அஸ்பெஸ்டஸ் வேண்டாம் என்று அவன் சம்மதிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. கடைசியில் வர்ணத் தகரம் வாங்கினான். பழைய துத்தநாகப் பூச்சு இல்லை, 1972 இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த கலப்புப் பூச்சு: 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், மீதி சிலிக்கன். முன்னறைக்குச் சீலிங் அடித்தாயிற்று, படுக்கையறைக்கு அடுத்த மாதம் என்கிறான். குசினிக்கு இல்லையாம். சின்னம்மா அங்கே விறகடுப்புத்தான் மூட்டுவார். காஸ் அடுப்பில் ரொட்டி வேகாது என்பது அவருடைய தீர்மானம். அப்படியானால் ஒரு புகைபோக்கியாவது வை, இல்லாவிட்டால் புகைநீர் பூச்சை அடியிலிருந்து தின்றுவிடும் என்று தம்பியிடம் சொன்னேன். தகரத்தில் துளை போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம்.